வாத்தியாரைக் கேளுங்கள்: காலேஜ் பார்க்கப் போனோம், மனசு விட்டுப்போச்சு

தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளிகளில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், வாசகர்களின் படிப்புச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழ் முழுக்கக் கல்லூரி தேடல்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள். பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு 171. வீட்டுக்காரர் தக்காளி விவசாயம். நேரில் பார்க்காமல் எந்தக் காலேஜிலும் சேர்க்காதே என்று ஊரில் எல்லோரும் சொன்னதால், பறிப்பைக் கொழுந்தனாரிடம் விட்டுவிட்டு, வாடகைக் கார் எடுத்து, மாமியார் உட்பட ஐந்து பேர் கோயம்புத்தூர்ப் பக்கம் மூன்று காலேஜ் பார்த்துவிட்டு வந்தோம்.

முதல் காலேஜில் கேட்டைத் தாண்ட விடவில்லை. "முன்னாடியே போன் பண்ணிட்டு வந்தீங்களா?" என்றார் வாட்ச்மேன். இல்லை என்றதும் ஒரு மணி நேரம் வேப்பமரத்தடியில் நிறுத்திவைத்து, அப்புறம் அட்மிஷன் ஆபீஸை மட்டும் காட்டி அனுப்பினார்கள். இரண்டாவதில் ராஜ மரியாதை. ஏ.சி. அறை, ரோஸ்மில்க், பெரிய திரையில் படம். ஹாஸ்டலைப் பார்க்கலாமா என்றேன். "கிளீனிங் நடக்குது மேடம்" என்றார்கள். கடைசியில், இன்றைக்கே ஐம்பதாயிரம் கட்டினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் உறுதி, நாளைக்கு வந்தால் சொல்ல முடியாது என்றார்கள். மூன்றாவதில் ஒரு பையன் சுற்றிக் காட்டினான், ஓட்டமும் நடையுமாக. மாமியாரால் பின்னாலேயே போக முடியவில்லை. மகள் பாத்ரூம் போகவேண்டும் என்றாள். பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று அவனுக்கே தெரியவில்லை. திரும்பும்போது தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து இரண்டு மணி நேரம் நின்றோம்.

"பன்னிரண்டாயிரம் போனதுதான் மிச்சம்" என்கிறார் வீட்டுக்காரர். அவருக்கு இரண்டாவது காலேஜ் பிடித்திருக்கிறது. மகள் எதுவுமே வேண்டாம் என்கிறாள். எனக்கு மூன்றும் மனசில் ஒட்டவில்லை. என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், பாலக்கோடு

பதில்: அம்மா, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்று, உங்கள் கடிதத்திலேயே கனமான வரி அதுதான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. கவுன்சிலிங் வழியாக அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். அது போக, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். ஐம்பதாயிரம் கட்டிப் பிடிக்கச் சொன்னது மேனேஜ்மென்ட் கோட்டா சீட். அதில் இந்த ஒதுக்கீடு கிடையாது. ரோஸ்மில்க் கொடுத்தவர்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாள் என்று கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள்.

மனசு விட்டுப்போன கதைக்கு வருகிறேன். என்னிடமும் ஒன்று இருக்கிறது. 2009-ல் என் மகளைக் கூட்டிக்கொண்டு நானும் இப்படித்தான் கிளம்பினேன். அப்போது கவுன்சிலிங் என்றால் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போய் உட்காரவேண்டும். வீட்டிலிருந்தபடி கல்லூரிகளை வரிசைப்படுத்தும் வசதி 2018-ல்தான் வந்தது. சென்னை போகும் முன் இரண்டு கல்லூரிகளையாவது பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினோம்.

முதலாவது தனியார். கண்ணாடி முகப்பு, நடுவில் நீரூற்று. இயற்பியல் வாத்தியாருக்கு எங்கே போனாலும் கால் லேப் பக்கம்தான் திரும்பும். திறந்து காட்டினார்கள். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கிற நிறமாலைமானிகள், வரிசையாகப் பன்னிரண்டு, கறுப்புப் பெயின்ட் பளபளக்க. பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவர்களுக்கு அந்தக் கருவி தெரியும். கூட வந்தவர் போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். முப்பட்டகம் வைக்கிற மேடைக்கு அடியில் மூன்று சின்னத் திருகுகள் இருக்கும். அவற்றைத் திருகி மேடையைச் சமப்படுத்தினால்தான் பரிசோதனையே தொடங்கும். அசையவில்லை. அடுத்த கருவியிலும் அப்படியே, எண்ணெய் இறுகிக் கிடந்தது. தொலைநோக்கி முனையில் கம்பெனிக்காரன் மாட்டி அனுப்பிய பிளாஸ்டிக் மூடி. அதன்மேல் விரலை வைத்தால் ரேகை பதிகிற அளவுக்குத் தூசு. வாங்கி வைத்த நாளிலிருந்து ஒரு பிள்ளைகூடத் தொடவில்லை.

இரண்டாவது ஓர் அரசுக் கல்லூரி. கேட்டில் கேட்க ஆளில்லை. சுவரில் காரை உதிர்ந்திருந்தது, வராண்டாவில் உடைந்த பெஞ்சுகள் குவிந்து கிடந்தன. லேபில் அதே கருவி ஐந்தோ ஆறோதான். பெயின்ட் எல்லாம் போய்விட்டது. ஆனால் அந்தத் திருகுகளைப் பார்க்கவேண்டுமே! அம்மன் கோயில் கதவில் எல்லோரும் தொட்டுக் கும்பிடுகிற பித்தளைக் குமிழ் மாதிரி, பிள்ளைகளின் விரல் பட்டுப் பட்டு மின்னின. எனக்கு அத்தோடு விஷயம் முடிந்தது. இதுதான் கல்லூரி என்று தீர்மானித்து மகளைத் தேடினால், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். "அப்பா, கேர்ள்ஸ் டாய்லெட்ல தண்ணி வரல. கதவுக்குத் தாழ்ப்பாளே இல்ல. காலையில எட்டு மணிக்கு வீட்டை விட்டா சாயங்காலம் ஆறு வரைக்கும் நான் என்னப்பா பண்றது?"

இருபது வருஷத்துக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். காலையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை அவர்கள் ஏன் அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கடைசியில் என் மகள் இந்த இரண்டிலும் சேரவில்லை. நாங்கள் எட்டிக்கூடப் பார்க்காத மூன்றாவது ஒன்றில் சேர்ந்தாள். சுமாரான கல்லூரி. குழாயில் தண்ணீர் வந்தது.

அதனால் பூட்டியிருந்த பாத்ரூமை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் சொன்ன குறைகளில் எனக்கு உறுத்துவது அதுவும், காட்டாத ஹாஸ்டலும்தான். வாட்ச்மேன் நிறுத்திவைத்ததைக் குறை என்றே சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைகள் தங்கியிருக்கிற இடத்தில் முன்பின் தெரியாத ஐந்து பேரைக் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே விட்டிருந்தால்தான் யோசித்திருப்பேன். ஓடின பையன் பாவம், அன்றைக்கு நீங்கள் அவனுக்கு எத்தனாவது குடும்பமோ. ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்திருந்தால் பிரின்சிபால் சொல்லாததையெல்லாம் சொல்லியிருப்பான்.

வீட்டுக்காரரிடம் நான் கேட்டதாக ஒன்று கேளுங்கள். பாலக்கோடு மார்க்கெட்டில் பெட்டியின் மேலடுக்கை மட்டும் பார்த்து எந்த வியாபாரியாவது விலை சொல்வானா? கையை அடிவரை விட்டு ஒரு பழத்தை எடுத்து அமுக்கிப் பார்ப்பான். இத்தனை வருஷம் அந்தக் கைக்கு எதிரில் நின்றவர் ஒரு கிளாஸ் ரோஸ்மில்க்கில் விழலாமா? திட்டவில்லை அம்மா. போகிற ஆபீஸில் எல்லாம் "அப்படி ஓரமா நில்லுய்யா" என்று கேட்டுப் பழகியவரை ஏ.சி. அறையில் உட்காரவைத்து "சார்" என்றால் யாருக்கும் கிறங்கத்தான் செய்யும்.

அடியில் கையை விட வழி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர் தோறும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று கல்லூரிவாரியாக இருக்கும். திரையில் நூறு சதவீதம் பிளேஸ்மென்ட் என்று ஓடினாலும், பாதிப் பிள்ளைகள் அரியரோடு நிற்கிறார்களா என்பது அங்கே தெரிந்துவிடும். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்தித் தாங்களே திருத்துவதால், அவற்றை இந்தப் பட்டியலை வைத்து மற்றவற்றோடு ஒப்பிட முடியாது. அங்கே என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) தரும் அங்கீகாரத்தைக் கேளுங்கள். இன்னொரு தரச் சான்றான நாக் (NAAC) கல்லூரி முழுமைக்கும் தருவது, என்.பி.ஏ. படிப்பு படிப்பாகத் தருவது. மெக்கானிக்கலுக்கு இருந்து கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இல்லாமலும் இருக்கும். உங்கள் மகள் சேரப்போகிற படிப்புக்கு உண்டா என்று குறிப்பாகக் கேட்கவேண்டும்.

ஆசிரியர் பட்டியலை நம்பி உட்காராதீர்கள். இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் கணக்கு. காகிதத்தில் எல்லா இடத்திலும் அது சரியாகவே இருக்கும். ஒரே பேராசிரியரின் பெயர் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது 2024-ல் வெளியே வந்து நாறியதே, மறந்திருக்க மாட்டீர்கள். வகுப்பு நடக்கிற நாளில் போய், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரிடம் "கணக்கு யாரு எடுக்கறாங்க? போன செமஸ்டரும் அவங்கதானா?" என்று கேளுங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களானால் புரிந்துகொள்ளலாம்.

இப்போதைக்கு எங்கும் பணம் கட்டாதீர்கள். எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு, எந்தப் பிரிவினருக்கு, எத்தனை கட்-ஆஃபில் போன வருஷம் முடிந்தது என்று கவுன்சிலிங் இணையதளத்தில் இருக்கிறது. மகளையே ஒரு நோட்டுப் போட்டு எழுதச் சொல்லுங்கள். 171-ஐ ஒட்டியவற்றோடு, மேலே இருப்பவற்றையும் தாராளமாக எழுதட்டும். உள் ஒதுக்கீட்டில் எட்ட வாய்ப்பிருக்கிறது. எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆனால் வரிசைதான் உயிர். எப்படியும் கிடைக்காது என்று பிடித்ததைக் கீழே போட்டுவிட்டு, தன்னைவிடக் குறைந்த மார்க் எடுத்த தோழிக்கு அது கிடைத்ததும் என் வீட்டுத் திண்ணையில் வந்து அழுத பிள்ளைகள் உண்டு. பட்டியலின் தலையில் உள்ள இரண்டை மட்டும் போய்ப் பாருங்கள். காரும் வேண்டாம், ஐந்து பேரும் வேண்டாம். நீங்களும் மகளும் பஸ்ஸில் போங்கள். மாமியார் ஓடியவரை போதும்.

கேள்வி: காலேஜ் பார்க்க வேட்டியில் வந்தால் மதிக்க மாட்டார்கள், பேண்ட் போட்டுக்கொண்டு வா என்கிறான் மகன். போடட்டுமா?
— ஊத்தங்கரை வாசகர்

பதில்: வேட்டியிலேயே போங்கள். மேலும் கீழும் பார்க்கிற ஆட்கள் நாளைக்கு உங்கள் பையனையும் அப்படித்தான் பார்ப்பார்கள். இப்போதே தெரிந்துகொள்வது லாபம். பையனுக்கே கூச்சம் என்றால் விட்டுவிடுங்கள், பதினேழு வயதில் எனக்கும் இருந்தது. சட்டைப்பையில் பேனாவும் நாலு பக்கத் தாளும் இருக்கட்டும். ஃபீஸ் சொல்லச் சொல்ல அவர்கள் எதிரிலேயே எழுதுங்கள். பஸ்ஸுக்கு எவ்வளவு, மெஸ்ஸுக்கு எவ்வளவு, "இதர" என்றால் எது எது என்று ஒவ்வொன்றாக. எழுத ஆரம்பித்ததும் பேச்சின் வேகம் குறையும், பாருங்கள்.

கேள்வி: எனக்குப் பர்கூர் அல்லது செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரியில் சேர ஆசை. "பக்கத்து ஊர்ல படிக்கவா இவ்வளவு மார்க் எடுத்தே?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.
— மாணவர், காரிமங்கலம்

பதில்: பர்கூர் கல்லூரி தொடங்கியது 1994-ல். அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டம்தான், பிரிந்தது 2004-ல். செட்டிக்கரையில் 2013-ல் வந்தது. பர்கூர் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அரசுப் பொறியியல் கல்லூரி என்றால் சேலம்தான். என்னிடம் படித்த எத்தனையோ பேர் வசதியில்லாமல் அதோடு நின்றுபோனார்கள். இன்றைக்கு வாசலுக்கு வந்ததும் இளக்காரமாகிவிட்டது. சொந்தக்காரர்களில் யாராவது சென்னை ஹாஸ்டல் ஃபீஸைக் கட்டுகிறேன் என்றார்களா? இல்லையென்றால் உன் ஆசைப்படி முதலில் போடு. நேரிலும் போய்ப் பார்த்துவிடு, பஸ் தூரம்தானே. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகப் பார்க்காமல் சேருவதும் தப்பு.

கேள்வி: ஒரு காலேஜில் மகனுக்கு முன்பணமாக 40,000 கட்டினோம். ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது கவுன்சிலிங்கில் நல்ல இடம் கிடைத்துவிட்டது. பணம் கட்டிய காலேஜில் வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. பணம் திரும்ப வராது, நாலு வருஷ ஃபீஸ் கட்டினால்தான் சர்டிபிகேட் என்கிறார்கள். ரசீதின் நகலை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.
— ஒசூர் வாசகர்

பதில்: இரண்டுமே சொல்லக்கூடாத பேச்சு. வகுப்பு தொடங்கும் முன் விலகினால், கட்டிய பணத்தில் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக்கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தரவேண்டும், பிணையாக வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமையே கிடையாது. போனில் பேசிப் பிரயோசனமில்லை. விலகல் கடிதத்தை இன்றைய தேதியிட்டு, வகுப்பு தொடங்கும் முன்பே, பிரின்சிபாலுக்கு, சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் ஏ.ஐ.சி.டி.இ.க்கும் நகல் அனுப்பியதைக் கடிதத்தின் அடியிலேயே எழுதுங்கள். அந்த ஒரு வரிக்குத்தான் பெரும்பாலும் சர்டிபிகேட் வெளியே வரும்.

ரசீதின் நகலை வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள், உறைக்குள் இல்லை. அதில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா, ஏதாவது அறக்கட்டளையின் பெயரில் நன்கொடை என்று போட்டிருக்கிறதா? நன்கொடை என்றிருந்தால் விஷயம் வேறு. கட்டாய நன்கொடையைத் தடுக்க 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, கடிதத்தை வேறு மாதிரி எழுதவேண்டும். ரசீதை அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.