வீட்டுக்குள் ரேடான்: அளப்பது குறித்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டில் எந்த மணமும் இல்லை. பிறகு எதற்கு இந்தச் சோதனை?

பதில்: ரேடான் மணமும் நிறமும் இல்லாத கதிரியக்க வாயு என்பதால்தான் அளக்க வேண்டியிருக்கிறது. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, ரேடியத்திலிருந்து ரேடான் பிறக்கிறது. அது மண்ணின் இடுக்குகளில் ஏறி, தரை விரிசல் வழியாகவும் குழாய் நுழையும் துளைகள் வழியாகவும் வீட்டுக்குள் வந்து, மூடிய அறையில் சேர்ந்துகொள்கிறது. உண்மையில் ரேடானைவிட அதிகம் தீங்கு செய்பவை, அது சிதைவதால் உண்டாகும் பொலோனியம் அணுக்கள். அவை மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் படிந்து, அங்கேயே ஆல்ஃபா துகள்கள் என்னும் கதிரியக்கத் துகள்களை வெளிவிடுகின்றன.

1984 டிசம்பரில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள லிமெரிக் அணுமின் நிலையத்துக்கு வேலைக்குச் சென்ற ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர், உள்ளே நுழையும்போதே கதிரியக்க எச்சரிக்கைக் கருவி ஒலித்தது. அவர் உடலில் ஒட்டியிருந்த கதிரியக்கம் வீட்டிலிருந்து வந்தது. அளந்து பார்த்தபோது அவர் வீட்டில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 1,00,000 பெக்கரல் இருந்தது (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல்). அந்தக் கருவியைக் கடந்து செல்லாத தொழிலில் அவர் இருந்திருந்தால், குடும்பத்தில் ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

கேள்வி: எந்தக் கருவியை வாங்குவது, எங்கே வைப்பது?

பதில்: நான் பெரிதும் நம்புவது ஆல்ஃபா தடப் பதிவியை. சிறிய டப்பிக்குள் நகத்தளவு பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கும். மின்சாரமும் வேண்டாம், ஓசையும் இல்லை. மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை வைத்திருந்துவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால், அங்கே தகட்டைச் சூடான காரக் கரைசலில் ஊறவைப்பார்கள். நுண்ணோக்கியில் பார்க்கும்போது தகடு முழுவதும் வட்ட வட்டமாகச் சிறு குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியும் ஓர் ஆல்ஃபா துகள் பாய்ந்த இடம். முதல்முறை அதைப் பார்த்த நாளில், அந்த அறையில் உறங்கியவர்களின் நுரையீரலைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆட்கள் அதிக நேரம் இருக்கும் அறைகளில் மிகக் கீழே உள்ளதில், பெரும்பாலும் படுக்கையறையில், தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேலே, சன்னலுக்கும் கதவுக்கும் எட்டத்தில் வையுங்கள். சமையலறையும் குளியலறையும் வேண்டாம். வைத்த பிறகு இடம் மாற்றாதீர்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டில் அளந்து, குறைவு என்று வந்துவிட்டது. நாங்களும் அளக்க வேண்டுமா?

பதில்: வேண்டும். அடியில் உள்ள மண், தரையின் விரிசல், காற்றோட்டம் மூன்றும் வீட்டுக்கு வீடு மாறுபடும்.

கேள்வி: ரேடானை உறிஞ்சும் கரி நிரப்பிய பெட்டியை வைத்துச் செய்த மூன்று நாள் சோதனையில் 160 பெக்கரல் வந்தது. இது ஆபத்தா?

பதில்: உலக சுகாதார நிறுவனம் கன மீட்டருக்கு 100 பெக்கரலை வழிகாட்டு அளவாகப் பரிந்துரைக்கிறது, அதை எட்ட முடியாத நாடுகளிலும் 300ஐத் தாண்டக்கூடாது என்கிறது. ஆனால் மூன்று நாள் கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். நீண்ட காலச் சோதனை ஒன்று செய்யுங்கள்.

கேள்வி: மேலே உள்ள பதிலை ஏற்க மாட்டேன். மாதக்கணக்கில் காத்திருந்தால் அத்தனை மாதமும் அதே காற்றைத்தானே சுவாசிப்பார்கள்? மூன்று நாள் சோதனை போதும்.

பதில்: உங்கள் கவலை நியாயமானது, முடிவு சரியல்ல. வீட்டுக்குள் வெப்பக் காற்று மேலேறி வெளியேறும்போது கீழே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு மண்ணிலுள்ள வாயுவை உள்ளே இழுக்கிறது. ஆகவே இரவுக்கும் பகலுக்கும், குளிருக்கும் கோடைக்கும், மழைக்கு முன்னும் பின்னும் அளவு மாறிக்கொண்டே இருக்கும். ஒரே அறை ஒரு வாரம் 60ஐயும் மறு வாரம் 200ஐயும் காட்டினால் வியப்படைய வேண்டியதில்லை. நோய்க்கான வாய்ப்பைத் தீர்மானிப்பது ஆண்டுக்கணக்கான சராசரி. 100 பெக்கரல் கூடும்போது நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 16 விழுக்காடு உயர்கிறது என்ற கணக்கும் நீண்ட காலச் சராசரியை வைத்தே சொல்லப்பட்டது.

கேள்வி: அப்படியானால் மூன்று நாளில் 2,000 வந்தாலும் காத்திருக்கச் சொல்வீர்களா?

பதில்: சொல்ல மாட்டேன். அந்த அளவில் உடனே இன்னொரு குறுகிய சோதனை செய்து, அதுவும் உறுதிப்படுத்தினால் சரிசெய்யும் வேலையைத் தொடங்க வேண்டும். இந்த இடத்தில் உங்கள் வாதத்தை ஏற்கிறேன். நான் அஞ்சுவது இதற்கு நேர் எதிரானதை: சன்னல்களைத் திறந்துபோட்டு மூன்று நாள் அளந்து, 40 என்று வந்ததும் நிம்மதியாகிவிடுபவர்களை. குறுகிய சோதனைக்கு 12 மணி நேரம் முன்பிருந்தே சன்னல்களை மூடியாக வேண்டும்.

கேள்வி: காற்றுச் சுத்திகரிப்பான் போதாதா?

பதில்: போதாது. தூசியைப் பிடிக்கும் வடிகட்டியில் ரேடான் வாயு நிற்காது.

கேள்வி: சோதனை நாட்களில் சன்னலைத் திறந்துவைக்கலாமா?

பதில்: கூடாது. இரண்டு பதில்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு அடிக்கடி இருமல் வருகிறது. ரேடானாக இருக்குமா?

பதில்: ரேடான் உடனடியாக எந்த அறிகுறியையும் காட்டாது. மருத்துவரைப் பாருங்கள். புகைப்பழக்கம் இருந்தால் அதை விடுவது முதல் வேலை. ரேடானால் வரும் ஆபத்து புகைப்பவர்களுக்குப் பல மடங்கு அதிகம்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒருவர் அளந்துவிட்டார். அதுவே போதுமா?

பதில்: போதாது. பக்கத்து வீட்டைப் பற்றிய பதிலே இதற்கும் பொருந்தும்.

கேள்வி: ஓராண்டுச் சராசரி 420 பெக்கரல். இனி என்ன செய்வது?

பதில்: விரிசல்களை அடைப்பது நல்லதுதான், ஆனால் தனியே அது பெரும்பாலும் போதாது. தரைக்கு அடியில் குழாய் இறக்கி, சிறு மின்விசிறியால் மண்வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேலே வெளியேற்றும் முறையே நன்கு பயனளிப்பது. அந்த வேலையைத் தகுதிபெற்றவரிடம் ஒப்படையுங்கள். விசிறி ஓடத் தொடங்கியபின், அதே அறையில், அதே இடத்தில் பதிவியை மீண்டும் வையுங்கள்.