சாய்ந்த வீட்டை வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகரில் வேலை செய்கிறோம். லாவனம் கிராமத்தில் ஒரு பழைய மரச்சட்ட வீட்டைப் பார்த்தோம். மனசு அதிலேயே நிற்கிறது. கிரேடு 2 லிஸ்டட் வீடு, அதாவது வரலாற்று மதிப்புக்காக அரசு பட்டியலில் சேர்த்துக் காக்கும் வீடு. சுவர் தெருப்பக்கம் சாய்ந்திருக்கிறது, கீழே ஈரமும் தெரிகிறது. 'பழைய வீடென்றால் அப்படித்தான்' என்கிறார் ஏஜென்ட். வாங்கலாமா? சமையலறைச் சுவரை எடுத்துப் பெரிதாக்க முடியுமா?
- வாசகி, இப்ஸ்விச்

பதில்: வாங்கலாம் சகோதரி, ஆனால் அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு.

சாய்வு எனக்குப் பெரிய பயம் தரவில்லை. கம்பளித் துணி வியாபாரத்தில் செல்வம் கொழித்த காலத்தில் எழுந்த ஊர் அது. அப்போதெல்லாம் காயாத பச்சை ஓக் மரத்தில்தான் சட்டம் பூட்டினார்கள். மரம் காயக் காய முறுக்கிக்கொண்டது, வீடும் கூடவே வளைந்தது. அந்த வளைவோடு பல நூறு வருஷம் நின்றிருக்கிறது. புதிதாக விட்ட விரிசல் இருந்தால் மட்டும் கவனியுங்கள்.

ஈரம்தான் வேறு கதை. அதே சஃபோக் மாவட்டத்தில் நாங்கள் வீடு வாங்கியபோது, முன்பிருந்தவர் வெளிச்சுவருக்கு சிமெண்ட் பூசியிருந்தார். பார்க்க அழகாக இருந்தது. வீட்டின் நிலையைச் சோதித்த சர்வேயரும் 'திருப்திகரம்' என்று எழுதிக்கொடுத்துவிட்டார். முதல் குளிர்காலத்திலேயே உள்ளே பூஞ்சை. சிமெண்டைக் கொத்தி எடுத்துப் பார்த்தால், வீட்டையே தாங்கும் கீழ்ச்சட்டம் விரல் வைத்ததும் புட்டு மாதிரி உதிர்ந்தது. அன்றைக்கு அந்தச் சுவரடியில் உட்கார்ந்து அழுதேன்.

இந்த வீடுகளுக்கு முடி கலந்த சுண்ணாம்புச் சாந்துதான் பூச்சு. அது ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். சிமெண்ட் உள்ளேயே பூட்டி வைத்து மரத்தை அழுக வைக்கும். எங்கள் காரைக்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சுண்ணாம்பின் அருமையைச் சொல்லவே வேண்டாம். அதனால் சாதாரண சர்வே போதாது. வீட்டின் கட்டுமானத்தை முழுக்க ஆராயும் லெவல் 3 சர்வே எடுங்கள், அதுவும் பழைய மரச்சட்ட வீடுகளோடு பழகியவரிடம். பணத்தைப் பார்க்காதீர்கள்.

அப்புறம் சமையலறை. லிஸ்டட் என்றால் வெளித்தோற்றத்துக்கு மட்டும்தான் காவல் என்று பலர் நினைக்கிறார்கள். உட்சுவரும் படிக்கட்டும் அதில் சேர்ந்தவைதான். 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவுன்சிலின் அனுமதி இல்லாமல் அந்த வீட்டின் தன்மையை மாற்றும் வேலை செய்தால் குற்றம். முன்பிருந்தவர் திருட்டுத்தனமாக ஜன்னலை மாற்றியிருந்தாலும், சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் இன்றைய சொந்தக்காரருக்குத்தான் வரும். இத்தனை வருஷம் ஆகிவிட்டதே என்று தப்பவும் முடியாது. இதுவரை நடந்த எல்லா வேலைக்கும் அனுமதிக் காகிதம் கேட்கும்படி வக்கீலிடம் இன்றே சொல்லுங்கள். சுவரை எடுக்க அனுமதி கிடைக்கும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள். இப்போதிருக்கும் சமையலறையில் சமைத்துச் சாப்பிட்டு வாழ முடியுமா என்று பாருங்கள்.

ஊரில் ரயில் நிலையம் இல்லை, பக்கத்து நிலையம் சட்பரி. இரவுப் பணி இருந்தால் இருவருக்கும் கார் வேண்டியிருக்கும்.

இங்கிலாந்தில் ஒப்பந்தப் பரிமாற்றம், அதாவது இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்வது, நடக்கும்வரை நீங்கள் பின்வாங்கலாம். சர்வே, வக்கீல் செலவுதான் போகும். அதுவரை ஏஜென்டின் அவசரத்துக்கு ஆடாதீர்கள். சர்வே வந்ததும் எனக்கு எழுதுங்கள். கீழ்ச்சட்டத்தைப் பற்றி சர்வேயர் என்ன சொல்லியிருக்கிறார் என்று நானும் பார்க்க வேண்டும்.