அதே நகை, மூன்று தடவை கடன்: எம்.எஸ். போவதா, வேலையில் சேர்வதா?

கேள்வி (நீளக் கடிதம், சுருக்கியது): என் ஊர் கரூர். 2024-ல் பி.இ. இசிஇ முடித்தேன். அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறார், மாதம் சுமார் 45,000 ரூபாய் வரும். தம்பி பிளஸ் ஒன். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இரண்டு வருடமாக முயற்சி செய்து, இந்த ஆகஸ்டுக்கு இடம் கிடைத்து, 500 டாலர் முன்பணமும் கட்டிவிட்டேன். மொத்தச் செலவு 52 லட்சம். வீட்டை அடமானம் வைத்தால் 44 லட்சம் தருவதாக வங்கி சொல்கிறது. மீதி 8 லட்சத்தை மாமா கைமாற்றாகத் தருகிறார், ஒரு வருடத்தில் திருப்ப வேண்டும். இதற்கிடையில் கம்பெனிகளுக்கும் அப்ளை செய்துகொண்டே இருந்தேன். சென்னையில் ஒரு வேலை வந்திருக்கிறது, கையில் 26,000. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். முன்பு வந்த இரண்டு வேலைகளை, எப்படியும் வெளிநாடு போகப்போகிறோமே என்று விட்டுவிட்டேன். பரீட்சை, விண்ணப்பச் செலவுக்கு அம்மாவின் 12 பவுன் (ஆரமும் சங்கிலியும் எட்டு, வளையல் ஜோடி நாலு) வங்கியில் அடகில் இருக்கிறது. 1.6 லட்சத்தில் தொடங்கியது இப்போது 4.6 லட்சம். அம்மா ஒன்றும் கேட்பதில்லை, ஆனால் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். நான் படிக்கப் போகட்டுமா, வேலையில் சேரட்டுமா?

பதில்: கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கல்விக் கடன் எப்படி வேலை செய்யும், வட்டி எப்போது ஓட ஆரம்பிக்கும் என்பதெல்லாம் இரண்டு வருடமாக இதிலேயே இருக்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், அதனால் அதற்குள் போகவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கும் அப்புறம் வருகிறேன். எனக்கு உறுத்தியது நீங்கள் கடைசி வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்த விஷயம், அந்த 12 பவுன்.

நீங்கள் இணைத்திருந்த கணக்கை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். 2024 செப்டம்பரில் 1.6 லட்சம்: கோச்சிங், ஜிஆர்இ, ஐஇஎல்டிஎஸ் பரீட்சைகள், ஐந்து பல்கலைக்கழக விண்ணப்பம். அடுத்த செப்டம்பரில் அதே நகையை மாற்றி வைத்து 3.1 லட்சம், பழைய கடனும் வட்டியும் அதிலேயே கழிந்து கைக்கு வந்தது சுமார் 1.35 லட்சம், அது இரண்டாவது சீசன் விண்ணப்பங்களுக்கு. இந்த ஜனவரியில் மறுபடி மாற்றி வைத்து 4.6 லட்சம், அதில் 85,000 ஒரு ஆன்லைன் கோர்ஸுக்கு, 45,000 அந்த 500 டாலருக்கு, மிச்சம் வட்டிக்கு. நகை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. 2024 தொடக்கத்தில் 47,000-ஐ ஒட்டி இருந்த பவுன் 2025 டிசம்பரில் சென்னையில் ஒரு லட்சத்தைத் தாண்டியது, அதனால் மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் "இன்னும் கூடப் போட்டுத் தரலாம்" என்றிருப்பார், நீங்களும் வாங்கிக்கொண்டீர்கள். தங்கம் ஏறியதில் உங்கள் அம்மாவுக்கு வந்திருக்க வேண்டிய லாபத்தில் பெரும்பகுதி உங்கள் காத்திருப்புக்குச் செலவாகியிருக்கிறது. இதில் தப்பு எண்ணம் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பழக்கம் இருக்கும்வரை நீங்கள் எந்த முடிவும் எடுக்க மாட்டீர்கள், ஏனென்றால் முடிவை இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போட எப்போதும் ஒரு லட்சம் கிடைத்துவிடுகிறது.

வேலைக்கு நீங்கள் விண்ணப்பித்ததும் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான் நடந்திருக்கிறது. துண்டு போட்டீர்கள், இடம் கிடைத்தது, ஏறவில்லை. 2024 அக்டோபரில் வந்த அந்த 22,000 ரூபாய் வேலையில் சேர்ந்து மாதம் 10,000 மிச்சம் பிடித்திருந்தால்கூட இன்றைக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் கையில், நகைக் கடன் பாதியாக, ரெஸ்யூமேயில் ஒன்றரை வருட அனுபவம். இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, மூன்றாவது வேலையையும் அதே காரணத்துக்காக விட்டுவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, இப்போது அந்த 44 லட்சம். நான்கு செமஸ்டருக்கும் 11, 11 லட்சமாக வாங்குகிறீர்கள், வட்டி பத்தரை சதவீதம், படிப்பு இரண்டு வருடம், அதன்பின் ஒரு வருட அவகாசம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று வருடத்தில் தனி வட்டியாகவே 10 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே ஏறிவிடும். கட்டத் தொடங்கும் அன்றைக்குக் கடன் 54 லட்சத்துச் சொச்சம். பத்து வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 73,000. பதினைந்து வருடம் என்று இழுத்தால் சுமார் 60,000, ஆனால் மொத்தமாகக் கட்டியது ஒரு கோடியைத் தாண்டியிருக்கும். டாலர் நிலவரம் வேறு இருக்கிறது. 2020-ல் 75-ஐ ஒட்டி இருந்த டாலர் 2025 டிசம்பரில் 90-ஐத் தொட்டது. இரண்டாவது வருடச் செலவு 26 லட்சம் என்று போட்டிருக்கிறீர்களே, டாலர் ஐந்து சதவீதம் ஏறினால் அதிலேயே 1.3 லட்சம் துண்டு விழும், அதற்கு மறுபடி அந்த நகையிடம்தான் போவீர்கள்.

டாலரில் சம்பளம் வாங்குகிறவருக்கு 73,000 ரூபாய் என்பது சுமார் 800 டாலர், பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடலாம். ரூபாயில் 50,000 வாங்குகிறவருக்கு அது முடியவே முடியாது. ஆகவே இந்தத் திட்டம் முழுக்க ஒரே ஒரு ஆணியில் தொங்குகிறது: படித்து முடித்ததும் அங்கேயே வேலை கிடைத்து, சில வருடம் அங்கேயே இருக்க அனுமதியும் கிடைக்க வேண்டும். உங்கள் துறைக்குப் படிப்பு முடிந்து 12 மாதமும் கூடுதலாக 24 மாதமும் வேலை செய்யலாம். அதற்குள், தொடர்ந்து அங்கே வேலை பார்ப்பதற்கான எச்-1பி விசா குலுக்கலில் பெயர் வர வேண்டும், வருடத்துக்கு 85,000 இடம்தான், அதில் 20,000 அங்கே மேற்படிப்பு படித்தவர்களுக்குத் தனியாக. 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் போட்டார்கள். அங்கேயே படித்து விசா மாறுகிறவர்களுக்கு அது இல்லை என்று பிறகு தெளிவுபடுத்தினார்கள், நல்லது. ஆனால் குலுக்கலிலேயே கூடுதல் சம்பளக்காரர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு என்ற விதி அந்த டிசம்பரில் வந்தது. முன்அனுபவமே இல்லாமல் போய்ப் படித்து முதல் வேலையில் சேர்கிறவருக்கு இது பாதகம்தான். போகவே கூடாது என்று சொல்ல இதையெல்லாம் எழுதவில்லை. போய் நன்றாக வந்தவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். ஆனால் அவர்களில் பலருக்குத் திரும்பி வந்தாலும் தாங்குகிற குடும்பம் பின்னால் இருந்தது. உங்கள் வீட்டில் 45,000 வருமானம், ஒரே சொத்து அந்த வீடு, நீங்கள் இரண்டாவது செமஸ்டர் படிக்கும்போது தம்பி பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு நிற்பான். அந்த ஆணி கழன்றால் பிடித்துக்கொள்ள வேறொன்று இல்லை.

மாமா விஷயம். எட்டு லட்சம் தருகிறேன் என்று சொல்கிற மனசு பெரிய மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வருடத்தில் திருப்பு என்கிறார், அந்த ஒரு வருடத்தில் நீங்கள் முதல் இரண்டு செமஸ்டரில் இருப்பீர்கள், சம்பாத்தியம் கிடையாது. அப்படியென்றால் திருப்பப்போவது யார்? உங்கள் அப்பா. 45,000 வருமானத்தில் எட்டு லட்சத்தை வருடத்துக்குள் எப்படிக் கட்டுவார் என்று வீட்டில் யாராவது பேப்பரில் போட்டுப் பார்த்தீர்களா? வெளிநாட்டுப் படிப்புக்கு வங்கி 15 சதவீதம் மார்ஜின் கேட்பது, குடும்பத்திடம் அந்த அளவாவது சொந்தப் பணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். அதையும் கடனாக வாங்கிக் காட்டினால் 52 லட்சமும் கடன், ஒரு ரூபாய்கூட உங்களுடையது இல்லை. மாமாவிடம் நேரில் போய், "அடுத்த வருடம் போகிறேன் மாமா, அப்போது படிப்பு முடிந்த பிறகு திருப்புகிற மாதிரி கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்" என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதை வைத்து அந்த எட்டு லட்சத்தை உங்கள் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

கடிதத்தோடு ஒரு இன்சூரன்ஸ் பிளானின் தாளும் இருந்தது, கடனுக்குப் பாதுகாப்பு, முதலீட்டுக்கு முதலீடு, வருடம் ஒரு லட்சம் என்று. தயவுசெய்து வேண்டாம். கடன் வாங்கும் நாளில் உங்கள் பெயரில் வெறும் டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது) ஒன்று போதும், அதன் பிரீமியம் இதன் பக்கத்திலேயே வராது. அடமானம் இல்லாமல் நாற்பது லட்சம் தருகிறோம் என்று போனில் கூப்பிடுகிறவர்களிடமும் வட்டி எவ்வளவு, படிக்கும்போதே கட்ட வேண்டிய வட்டி எவ்வளவு என்று இரண்டு கேள்வி கேளுங்கள், குரல் மாறிவிடும். கன்சல்டன்ட் சொன்ன 80இ வரிச் சலுகையை மறந்துவிடுங்கள், அது பழைய வரி முறையில் இருந்து, கடனின் வட்டியைத் தன் வருமானத்திலிருந்து கட்டுகிறவருக்கு மட்டும். அமெரிக்காவில் இருக்கப்போகிற உங்களுக்கும் வரி வரம்புக்குள்ளேயே வராத உங்கள் அப்பாவுக்கும் அதில் ஒன்றுமில்லை. அந்த 85,000 ரூபாய் ஆன்லைன் கோர்ஸ் போனது போனதுதான், அடுத்தது வேண்டாம்.

ஆக, என் பதில்: சென்னை வேலையில் சேருங்கள். சேர்வதற்கு முன் எச்.ஆரிடம் இரண்டு விஷயம் மட்டும் எழுத்தில் கேளுங்கள். இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்கிற பாண்டு உண்டா, இருந்தால் எத்தனை வருடம், எவ்வளவு தொகை? ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களா? இரண்டாவதற்கு ஆமாம் என்றால் அந்தக் கம்பெனி வேண்டாம், விசாவுக்கும் அட்மிஷனுக்கும் அது உங்கள் கையில் இருந்தாக வேண்டும். நோட்டீஸ் பீரியட் இரண்டு மாதம் என்பதெல்லாம் சாதாரணம், பயப்படாதீர்கள்.

அதே நாளில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மெயில், அட்மிஷனை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா, கட்டிய 500 டாலர் அப்படியே நிற்குமா என்று. பல இடங்களில் ஒரு தடவை தள்ளிவைக்க விடுவார்கள். விடவில்லை என்றால் 45,000 நஷ்டம், வலிக்கும், ஆனால் 45,000-ஐக் காப்பாற்ற 52 லட்சத்துக்குள் குதிக்க முடியாது. ஜிஆர்இ மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும், அதை மறுபடி எழுத வேண்டியதில்லை. ஐஇஎல்டிஎஸ் இரண்டு வருடம்தான், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இவ்வளவு நீளக் கடிதத்தில் கேட் (GATE) பரீட்சை பற்றி ஒரு வார்த்தை இல்லை. இசிஇ படித்தவர் நீங்கள், கேட் மூலம் ஐஐடியிலோ திருச்சி என்ஐடியிலோ எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகை, வீட்டுப் பத்திரத்தை யாரும் கேட்க மாட்டார்கள். வேலை பார்த்துக்கொண்டே பிப்ரவரிப் பரீட்சைக்குப் படித்தவர்கள் உண்டு. செமிகண்டக்டர் பக்கம் போக ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு இது மட்டமான வழி அல்ல. ஜெர்மனியையும் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். அங்கே பல அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நம்மவர்களுக்குக் கட்டணம் கொண்டுவந்துவிட்டது. வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுன்ட்) போட்டுக் காட்ட வேண்டும், அது உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மாதாமாதம் உங்களிடமே திரும்பி வரும் பணம்.

சம்பளத்தில் ஹாஸ்டலும் சாப்பாடும் 9,500, போக்குவரத்து, போன், இதர 4,500 என்றாலும் 12,000 நகைக் கடனுக்குப் போகலாம். வட்டி மாதம் 3,600 போல ஓடும், ஆகவே அசலில் மாதம் 8,000-க்கு மேல் குறையும், ஒரு வருடத்தில் கடன் மூன்றரை லட்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். மாற்றி வைத்துக் கூடுதல் பணம் வாங்குவது மட்டும் இத்தோடு நிற்க வேண்டும். அடுத்த வருடம் விண்ணப்பச் செலவு வந்தால் அது உங்கள் போனஸிலிருந்தோ சம்பளத்திலிருந்தோ வரட்டும்.

கடைசியாக ஒன்று, இதை இந்த வாரமே செய்யுங்கள். பவுன் ஒரு லட்சம் என்று வைத்தால் எட்டுப் பவுனே எட்டு லட்சம், அதில் முக்கால் பங்கு என்றாலும் ஆறு லட்சம். உங்கள் கடன் 4.6 லட்சம்தான். அதற்கு ஆரமும் சங்கிலியும் சேர்ந்த எட்டுப் பவுனே தாராளம், நாலு பவுன் வளையல் ஜோடி அங்கே சும்மா இருக்கிறது. கெடு தேதிவரை காத்திருக்க வேண்டாம். இன்றுவரை ஓடிய வட்டி பத்தாயிரத்துச் சொச்சத்தையும் மதிப்பீட்டுக் கட்டணத்தையும் எடுத்துக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய், கடன் தொகையை ஏற்றாமல் எட்டுப் பவுனுக்கு மட்டும் மாற்றி வைத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு காலை நேர வேலை. மேனேஜர் "இன்னும் ஒரு லட்சம் வாங்கிக்கலாமே" என்று கேட்பார், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வளையலை அங்கேயே அம்மா கையில் போட்டுக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.