சிங்கப்பூரில் புடவைக் கண்காட்சிக்குக் கொண்டுவரும் சரக்கு முழுவதற்கும் ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா? 'பாண்ட்' என்றால் என்ன?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: காஞ்சிபுரத்தில் அப்பாவின் தறிகளில் நெய்த 60 பட்டுப்புடவைகளைத் தீபாவளிக்கு முன் சிங்கப்பூரின் தேக்காவில் (லிட்டில் இந்தியா) 10 நாள் கண்காட்சி விற்பனைக்கு வைக்கப் போகிறீர்கள். விற்காதவை ஊருக்குத் திரும்பும். அறுபதுக்கும் முன்கூட்டியே வரி கட்ட வேண்டும் என்று ஒருவரும், பாண்ட் போட்டால் போதும் என்று இன்னொருவரும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாமவர் சொன்னது சரி. ஆனால் அது பாதிப் பதில்தான். சாங்கி விமானச் சரக்கு வளாகத்தில் பல ஆண்டுகளாக ஃபார்வர்டிங் வேலை (பிறர் சரக்கை அனுப்பி, சுங்கக் காகிதங்களைக் கவனிக்கும் வேலை) பார்க்கிறேன், மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருள்கள் ஆகிய நான்கு வகைக்குத்தான் சுங்கத் தீர்வை. துணிக்குத் தீர்வை கிடையாது, ஜிஎஸ்டி மட்டும் உண்டு. 2024 ஜனவரி 1 முதல் அது 9 விழுக்காடு. பொருளின் விலை, விமானக் கூலி, காப்புறுதி மூன்றையும் கூட்டிய தொகைக்கு அதைக் கணக்கிடுவார்கள். 60 புடவைகளும் இங்கே வந்து சேரும்போது 24,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொண்டால் வரி 2,160 வெள்ளி. ஒரு புடவைகூட விற்பதற்கு முன்னால் அந்தப் பணம் கையைவிட்டுப் போனால் ஒரு நெசவுக் குடும்பத்துக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும்.

இதற்காகவே சிங்கப்பூர் சுங்கத்துறையில் தற்காலிக இறக்குமதித் திட்டம் இருக்கிறது. கண்காட்சி, மேடை நிகழ்ச்சி, சோதனை, பழுதுபார்ப்பு போன்ற காரணங்களுக்காக வரும் பொருளுக்கு 6 மாதம் வரை ஜிஎஸ்டியை நிறுத்திவைப்பார்கள். விற்பனையுடன் கூடிய கண்காட்சியும் இதில் அடங்கும். நிறுத்திவைக்கும் அந்த வரிக்கு ஈடாகக் கேட்பதுதான் பாண்ட். வங்கியோ காப்புறுதி நிறுவனமோ, "சொன்னபடி பொருள் திரும்பிப் போகாவிட்டால், வரியும் வராவிட்டால், நாங்கள் தருகிறோம்" என்று எழுதிக் கொடுக்கும் உத்தரவாதம் அது. ஊரில் ஒருவர் கடன் வாங்க இன்னொருவர் ஜாமீன் கையெழுத்துப் போடுவது போலத்தான். நீங்கள் வெளிநாட்டவர் என்பதால் உள்ளூர் ஏஜென்ட் ஒருவரை வைத்துக்கொண்டுதான் பெர்மிட், அதாவது சுங்கத்துறையின் அனுமதி, எடுக்க முடியும். சில ஏஜென்டுகள் தங்கள் உத்தரவாதத்தின் கீழேயே உங்கள் சரக்கையும் எடுத்துக்கொள்வார்கள், அதற்குத் தனிக் கட்டணம் இருக்கும். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பாண்ட் போட்டதும் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளே வருவது எளிது. உள்ளே வந்த அதே பொருள்தான் வெளியே போகிறது என்று காட்டுவதுதான் கடினம். இயந்திரம் என்றால் வரிசை எண் இருக்கும், பார்த்தால் முடிந்தது. புடவைக்கு என்ன செய்வது?

ஜிஎஸ்டி 7 விழுக்காடாக இருந்த காலத்தில் நான் செய்த தவறு இது. ஒரு வியாபாரியின் 80 புடவைகளைப் பட்டியலில் "பட்டுப்புடவை, 80" என்று ஒரே வரியில் போட்டுவிட்டேன். உள்ளே வரும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் போகும் நாளில் மிச்சம் 31. அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இவை அந்த எண்பதில் உள்ளவைதான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. ஊரிலிருந்து பில்லையும் புகைப்படங்களையும் வரவழைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் காட்டுவதற்குள் அன்றைய விமானம் போய்விட்டது. அந்த வியாபாரியின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அதன்பிறகு பட்டியலில் ஒவ்வொரு புடவையையும் தனித்தனி வரியில் எழுதாமல் நான் பெர்மிட்டுக்குப் போவதில்லை. உங்கள் பட்டியலில் ஒரு வரி இப்படி இருக்கட்டும்: "எண் 17. அரக்கு உடல், பச்சைக் கோர்வைக் கரை, முந்தானையில் அன்னம், எடை இத்தனை கிராம், விலை இவ்வளவு." சில்க் மார்க் சீட்டு (அசல் பட்டு என்று காட்டும் முத்திரைச் சீட்டு) இருந்தால் அதில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு, அதையும் சேர்த்து எழுதுங்கள். கழன்றுவிடாதபடி உள் ஓரத்தில் ஒரு சிறு துணிச்சீட்டைத் தைத்து அதே எண்ணைப் போடச் சொல்லுங்கள். முந்தானையையும் கரையையும் விரித்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறுபதுக்கும் இதைச் செய்ய ஒரு நாள் ஆகும். தறியில் எத்தனையோ நாள் உழைத்த புடவைக்கு ஒரு நாள் அதிகமில்லை.

விற்பனை தொடங்கியதும் பில் போடும்போதெல்லாம் அந்தப் புடவையின் எண்ணையும் பில்லில் எழுதுங்கள். 38 விற்றால் அந்த 38-க்கும் ஜிஎஸ்டி கட்டும் பெர்மிட் எடுக்க வேண்டும். மீதி 22-க்கு ஏற்றுமதி பெர்மிட். இரண்டும் சேர்ந்து 60 ஆனால்தான் கணக்கு முடிந்து பாண்ட் விடுபடும். அத்தைக்கு ஒன்று அன்பளிப்பாகக் கொடுத்தாலும் வரி உண்டு. காணாமல் போனாலும் கணக்கு கேட்பார்கள்.

அப்புறம், இதை மிகவும் அழுத்திச் சொல்கிறேன்: மிச்சமானவற்றைச் சொந்தக்காரர் யாருடைய பெட்டியிலாவது போட்டு அனுப்பிவிடாதீர்கள். கண்காட்சி முடியும் இரவில் எல்லோரும் களைத்திருப்பார்கள், நாளைக்கு ஊருக்குப் போகிறவர் ஒருவர் எப்போதும் இருப்பார், பெட்டியிலும் இடம் இருக்கும். அப்படிப் போன புடவை நாட்டைவிட்டு வெளியேறியது உண்மைதான், ஆனால் காகிதத்தில் அது இங்கேயே இருக்கிறது. திரும்பிப் போகாத பொருள் என்று வரி கேட்பார்கள். கையில்தான் கொண்டுபோக வேண்டும் என்றால் ஏற்றுமதி பெர்மிட் எடுத்து, விமான நிலையத்தில் லக்கேஜை ஒப்படைக்கும் முன் புடவைகளையும் பெர்மிட்டையும் சுங்க அதிகாரியிடம் காட்டிச் சரிபார்க்கச் செய்யுங்கள். வரும்போது கையில் கொண்டுவந்தாலும் இதே நிலைதான். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்துவிட்டு வரும் பயணிக்கு 500 வெள்ளி வரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு, ஆனால் விற்பனைச் சரக்கு அந்தச் சலுகையில் சேராது.

ஏடிஏ கார்னே, அதாவது பொருளைத் தற்காலிகமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்வர உதவும் சுங்க ஆவணப் புத்தகம், பற்றியும் யாராவது சொல்லலாம். இந்தியாவில் ஃபிக்கி என்ற வர்த்தகச் சபை தரும் அந்தப் புத்தகம் ஓராண்டு வரை செல்லும், இங்கே தனியாக பாண்ட் வைக்கத் தேவையில்லை. கச்சேரிக்கு வீணையும் தவிலும் கொண்டுவருகிறவர்களுக்கு அது அருமையான வழி. ஆனால் அது கொண்டுவந்ததை அப்படியே திரும்பக் கொண்டுபோகிறவர்களுக்கானது. விற்க நினைக்கும் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

காலத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு 6 மாதம் தாராளம். இருந்தாலும் தீபாவளி முடிந்த கையோடு மிச்சத்தை அனுப்பிவிடுங்கள், "பொங்கலுக்கும் ஒரு ஸ்டால் போடலாமே" என்று வைத்துக்கொண்டே இருந்தால் தேதி நழுவும். எல்லாக் காகிதங்களையும் 5 ஆண்டு பத்திரப்படுத்துங்கள்.

ஊரிலும் ஒரு வேலை இருக்கிறது. சென்னையிலிருந்து சரக்கு கிளம்பும்போது போடும் ஷிப்பிங் பில்லோடு (இந்தியச் சுங்கத்துறைக்குத் தரும் ஏற்றுமதி ஆவணம்) 60 புடவைகளையும் தனித்தனியாக எழுதிய இதே பட்டியலை இணைக்கச் சொல்லுங்கள். 22 புடவைகள் திரும்பி வரும்போது இவை இங்கிருந்து போனவைதான் என்று அங்கேயும் காட்ட வேண்டியிருக்கும்.