லிண்டா பர்னி: வகுப்பறையிலிருந்து கான்பெரா வரை, கேள்வி பதில்

யார் இந்த லிண்டா பர்னி? ஏன் ஆசிரியர் வேலைக்குப் போனார்?

ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண், விராஜுரி இனம். 1957-இல் நியூ சவுத் வேல்ஸில் பிறந்தவர். அப்பாவை முதன்முதலில் பார்த்ததே 28 வயதில்தான். பதின்மூன்று வயதில் வகுப்பில் உட்கார்ந்திருக்க, உங்கள் மக்கள்தான் கற்கால மனிதனுக்கு மிக நெருக்கம் என்று பாடம் நடத்தியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை 1979-இல் மேற்கு சிட்னியில் தொடக்கப் பள்ளி டீச்சராகச் சேர்ந்தது, பிறகு பழங்குடிகளைப் பற்றிப் பள்ளியில் என்ன சொல்லித்தர வேண்டும் என்று பழங்குடிக் கல்வி ஆலோசனைக் குழுவில் வருஷக்கணக்காக அரசோடு மல்லுக்கட்டியது. அதை யாரும் கேட்கமாட்டேன் என்கிறீர்கள்.

நாடாளுமன்றத்துக்குப் போன முதல் பழங்குடிப் பெண் இவர்தானே?

இல்லை. மேலவைக்கு 2013-இலேயே நோவா பெரிஸ் போய்விட்டார். கீழவையில் முதல் பழங்குடிப் பெண் பர்னி, 2016, பார்ட்டன் தொகுதி. (வெள்ளையர் அல்லாதவர்கள் குடியேறுவதைத் தடுத்த 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கையைச் சட்டமாக்கிய பிரதமரின் பெயர் அது!)

முதல் பழங்குடி எம்பி யார்?

நெவில் பானர், 1971, மேலவை. எந்த அவை என்று சேர்த்துக் கேளுங்கள்.

1967 வரை பழங்குடிகளைத் 'தாவர விலங்குச் சட்டத்தில்' வைத்திருந்தார்களாமே?

அப்படி ஒரு சட்டமே கிடையாது. எத்தனை தடவை சொல்வது!

பர்னியே 2003-இல் மாநிலச் சட்டமன்றத்தில் சொன்னாரே. அவரைவிட உங்களுக்குத் தெரியுமா?

சொன்னார், தெரியும். அவர் பட்டதை நான் மறுக்கவில்லை, சட்டத்தின் பெயரைத்தான் மறுக்கிறேன். நியூ சவுத் வேல்ஸில் பழங்குடி நல வாரியம் என்று ஒன்று 1969 வரை இருந்தது, பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனது, அதற்குத் தாவரச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. இல்லாத சட்டத்தைப் பிடித்துக்கொண்டால் இருந்த சட்டம் தப்பித்துவிடும், என் கவலை அதுதான். அரசியல் சட்டத்தைத் திருத்த நடந்த 1967 வாக்கெடுப்பு செய்தது இரண்டு: மக்கள்தொகைக் கணக்கில் பழங்குடிகளைச் சேர்க்க விடாத பிரிவை நீக்கியது, அவர்களுக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது.

ஓட்டுரிமையும் 1967-இல்தானே?

இல்லை ஐயா, மத்தியத் தேர்தலில் 1962.

2016-இல் நாடாளுமன்றத்தில் பர்னி தன் முதல் உரையில் பாட்டுப் பாடினாராமே?

பார்வையாளர் மாடத்திலிருந்து விராஜுரி மொழியில் பாடியது லினெட் ரைலி. பர்னி போர்த்தியிருந்த கங்காருத் தோல் மேலாடையும் ரைலி செய்ததுதான். அதில் குலச்சின்னமான உடும்பு இருந்தது.

பழங்குடிகளின் ஆலோசனை அமைப்பு ஒன்றை அரசியல் சட்டத்தில் சேர்க்க நடந்த 2023 வாக்கெடுப்பு தோற்றது பர்னியால்தானா?

அப்போது பழங்குடி விவகாரத் துறை அமைச்சர் அவர்தான், சரி. ஆனால் பெரிய கட்சிகள் இரண்டும் ஒத்துப்போகாமல் அங்கே எந்த வாக்கெடுப்பும் ஜெயித்ததில்லை.

அப்போ முதல் பழங்குடி எம்பி பர்னி இல்லையா?

எந்த அவை?