மகன் வேறு, மையம் வேறு

கேள்வி: குன்னூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வயது 66, ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள், கணவர் இல்லை. மகனுக்கு 37 வயது, அறிவுசார் குறைபாடு. அவனுக்காக வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஆரம்பித்த பகல்நேர மையத்துக்கு இன்று எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்தும் பக்கத்து ஹட்டிகளிலிருந்தும் (படுகர் ஊர்கள்) 14 பேர் வருகிறார்கள். 24 வருஷம் ஓடிவிட்டது. முட்டி வலியில் ஏற்றம் ஏற முடியவில்லை. எனக்குப் பிறகு மகனையும் மையத்தையும் பெங்களூரில் இருக்கும் மகள் பேரில் எழுதி வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே பார்த்துப் பழகிவிட்டீர்கள். மகளுக்கு அப்படி இல்லை. தம்பியைப் பார்த்துக்கொள் என்றால் அவர் சரி என்பார், கூடவே 14 பேரையும் ஒரு ஷெட்டையும் தூக்கிக் கொடுத்தால் பயந்துபோய் தம்பி விஷயத்திலும் பின்வாங்குவார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனவே முதலில் பிரியுங்கள்.

மகன் விஷயம். பெற்ற தாய் என்பதால் நீங்கள்தான் அவருக்குச் சட்டப்படி பாதுகாவலர் என்று நினைத்துக்கொண்டிருந்தால், அது அவருடைய 18 வயதோடு முடிந்துவிட்டது. நிறைய பேருக்கு இது தெரியாது, பேங்கில் கையெழுத்துப் பிரச்சினை வரும்போதுதான் தெரியவரும். அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கான 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுதான் பாதுகாவலரை நியமிக்கும். பாதுகாவலர் தேவைதானா, எந்தெந்தக் காரியத்துக்குத் தேவை என்பதையும் குழு பார்க்கும். நியமனம் ஆனால் 6 மாதத்துக்குள் மகனின் சொத்து விவரத்தைக் கொடுக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் கணக்கு. இப்போது அந்த நியமனத்தை நீங்கள் வாங்குங்கள். உங்களுக்குப் பிறகு மகள் புதிதாக மனுப் போட வேண்டியிருக்கும், உயிலில் "இனி இவளே பாதுகாவலர்" என்று எழுதினால் மட்டும் ஆகிவிடாது. ஆனால் உங்கள் விருப்பத்தை எழுதி வையுங்கள், அவருடைய மனுவுக்குத் துணையாக இருக்கும். மனுவில் மறந்தும் "மனநோய்" என்று எழுதாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே அறிவுசார் குறைபாட்டை மனநோய்க் கணக்கில் சேர்க்கவில்லை, ஆனால் ஜெராக்ஸ் கடையில் மனு எழுதுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம் பென்ஷன். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இந்தக் கடிதத்திலேயே பெரிய பணம் இதுதான். சம்பாதிக்க முடியாத அளவு குறைபாடு உள்ள பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் வயதைக் காட்டி நிறுத்தப்படாது, ஆயுள் முழுக்க உண்டு. நீங்கள் இருக்கும்போதே மருத்துவச் சான்று, யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு மகன் பெயரைப் பென்ஷன் ஆவணத்தில் ஏற்றிவிடுங்கள். நீங்கள் போன பிறகு, 37 வயதுப் பையனுக்கு எதற்கு என்று கேட்கும் கிளார்க்குக்கு மகள் பெங்களூரிலிருந்து வந்து வந்து விளக்கிக்கொண்டிருக்க முடியாது. மையத்துக்கு வரும் எஸ்டேட் தொழிலாளிகளிடமும் சொல்லுங்கள்: பி.எஃப். பிடித்தம் உள்ளவர் இறந்துவிட்டால், 1995 பென்ஷன் திட்டத்தில் நிரந்தரமாக முழுக் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் வயது வரம்பில்லாமல் பென்ஷன் உண்டு. அரசு தரும் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையோடு எல்லாம் முடிந்தது என்றுதான் பலர் நினைத்திருக்கிறார்கள்.

சட்டத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தாய் திடீரென்று போய்விட்டார். முப்பது வயது மகனை அக்கா மேட்டுப்பாளையத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டு நாள் அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அம்மாவை நினைத்து ஏங்குகிறான் என்று எல்லாரும் அழுதார்கள், ஆஸ்பத்திரி வரைக்கும் போயாயிற்று. விஷயம் என்னவென்றால், வீட்டில் அவர் குடித்தது எப்போதும் பிளாஸ்க் மூடியில் ஊற்றிய வெந்நீர், அங்கே வெயிலுக்குப் பானைத் தண்ணீரை டம்ளரில் கொடுத்திருக்கிறார்கள். இறுதிக் காரியத்துக்கு வந்த பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத்தான் அது தெரிந்திருந்தது. உங்கள் மகனைப் பற்றி இப்படி எத்தனை விஷயம் உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறது? ஒரு நூறு பக்க நோட்டு போதும். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், பல்வலி வந்தால் எப்படிக் காட்டுவார், எந்த மாத்திரை, யாரைக் கண்டால் பயம். எழுதி மகளிடம் ஒரு பிரதி கொடுங்கள். அதோடு மாதம் ஓர் இரவாவது நீங்கள் இல்லாமல் அவர் தூங்கிப் பழகட்டும், முதல் தடவை நீங்கள்தான் தூங்க மாட்டீர்கள்.

இனி மையம். பெற்றவர்கள் தன் பிள்ளைக்காகத் தொடங்கியது ஊருக்கானதாக வளர்வது நம் ஊரில் புதிதல்ல. சென்னையில் 1985-இல் தொடங்கிய, மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பை ஆரம்பித்த பூனம் நடராஜனும் ஒரு மாற்றுத்திறனாளி மகனின் அம்மாதான், பின்னால் தேசிய அறக்கட்டளைக்கே தலைவராக இருந்தார். ஆனால் அங்கே ஒரு நிறுவனம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது நீங்கள் மட்டும். நன்கொடையெல்லாம் உங்கள் சொந்த சேமிப்புக் கணக்கில்தானே வருகிறது? அப்படித்தான் இருக்கும். முதலில் ஒரு டிரஸ்ட் பதிவு செய்து, தனி பான், இரண்டு பேர் கையெழுத்துப் போடும் கணக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இப்படி மையம் நடத்தப் பதிவுச் சான்றும் வேண்டும். டிரஸ்டிகளாக ஊர்ப் பெரிய மனுஷர்களைப் போடாதீர்கள், குத்துவிளக்கு ஏற்ற வருவார்கள், மழையில் கூரை ஒழுகினால் வர மாட்டார்கள். வருகிறவர்களின் அப்பா அம்மாக்களே போதும். சொல்லிக்கொடுக்க ஆள் தேடும்போது இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் உள்ளவரா என்று பாருங்கள்.

வீட்டை டிரஸ்டுக்கு எழுதும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், மகனுக்கு இருக்க இடம் போய்விடும். உயிலே எழுதாமல் விட்டால் வீடு மகளுக்கும் மகனுக்கும் சமமாகப் போகும், மையத்துக்கு ஒன்றும் இல்லை. ஷெட்டை மட்டும் சில வருஷக் குத்தகையாக டிரஸ்டுக்குக் கொடுங்கள், பத்திரம் பதிவாக வேண்டும். வீடு பிள்ளைகளுக்கே இருக்கட்டும்.

24 வருஷமாக ஷெட்டின் சாவி உங்கள் இடுப்பில்தான் இருக்கும், அதுதான் உங்கள் முட்டியைவிடப் பெரிய பிரச்சினை. மற்ற அம்மாக்கள் ஒன்றும் செய்வதில்லை என்று உங்களுக்கு வருத்தம் இருக்கலாம், அவர்களுக்குச் செய்ய என்ன மிச்சம் வைத்தீர்கள்? வருகிற திங்கட்கிழமை சாவியை அவர்களில் ஒருவரிடம் கொடுங்கள். கொடுத்துவிட்டு வீட்டுக்குள் உட்காராதீர்கள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் குறை சொல்வீர்கள். அன்றைக்குக் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். யுடிஐடி அட்டை ஜெராக்ஸும் குடையும் எடுத்துக்கொண்டு ஊட்டி பஸ் ஏறுங்கள், பாதுகாவலர் மனுவைப் பற்றி மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு வாருங்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது ஷெட் கொஞ்சம் அலங்கோலமாக இருக்கும். அப்படியே விட்டுவிடுங்கள்.