தூங்கி எழுந்தால் உடம்பில் தடிப்பு: கடித்தது எந்தப் பூச்சி, என்ன மருந்து போடுவது?

கேள்வி இதுதான்: காலையில் எழுந்தால் கையிலும் காலிலும் சிவந்த தடிப்புகள், ஒரே அரிப்பு. கொசுவா, மூட்டைப்பூச்சியா, வேறு ஏதாவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன போட்டால் அடங்கும்?

மருந்துக் கடையில் வேலை பார்ப்பவன் நான். சட்டைக் கையை மடித்துக் காட்டி "இது என்ன கடிச்சதுங்க?" என்று யாராவது கேட்காத வாரம் கிடையாது. இப்போதெல்லாம் கையை நீட்டுவதுகூடக் குறைந்துவிட்டது, போனில் படம் வருகிறது. படத்தில் எல்லாக் கடியும் ஒரு சிவப்புப் புள்ளிதான்.

தடிப்பை மட்டும் பார்த்துப் பூச்சியின் பெயரைச் சொல்வது தோல் மருத்துவருக்கே பெரும்பாலும் கஷ்டம். ரத்தம் குடிக்கும் பூச்சி, ரத்தம் உறையாமலிருக்கத் தன் எச்சிலை உள்ளே விடுகிறது. அந்த எச்சிலில் உள்ள புரதங்களுக்கு நம் உடம்பு காட்டும் எதிர்ப்புதான் சிவப்பு, வீக்கம், அரிப்பு எல்லாம். அதனால் தடிப்பின் அளவு பூச்சியைவிடக் கடிபட்டவரைப் பொறுத்தே மாறும். ஒரே கொசு கடித்து ஒருவருக்குச் சின்னப் புள்ளியும் இன்னொருவருக்கு உள்ளங்கை அகல வீக்கமும் வருவதுண்டு. எனவே நான் திருப்பிக் கேட்பவை வேறு: உடம்பில் எந்த இடம்? எப்போது தெரிந்தது? வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது? நாய், பூனை உண்டா? சமீபத்தில் வெளியூரில் தங்கினீர்களா? இதற்குப் பதில் வந்தாலே பாதி விஷயம் தெளிந்துவிடும்.

கொசுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துணி மூடாத இடம், ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றும், கடித்த சில நிமிடங்களிலேயே தடிப்பு. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அமுங்கிவிடும். பகலில் கடிப்பது ஏடிஸ் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம், டெங்குவைப் பரப்புவது அதுதான். கடியைவிட அதற்குப் பின் வரும் காய்ச்சலைத்தான் கவனிக்க வேண்டும்.

மூட்டைப்பூச்சிதான் ஆளை ஏமாற்றும். கடிக்கும்போது வலி தெரியாது. ஐந்து பத்து நிமிடம் நிதானமாகக் குடித்துவிட்டுப் போய்விடும். தடிப்பு மறுநாளே வரவேண்டும் என்றும் இல்லை. முதன்முறை கடிபடுபவருக்குச் சில நாள் கழித்தும், சிலருக்கு இரண்டு வாரம் வரை கழித்தும் தெரியலாம். வெளியூர் விடுதியில் வாங்கிய கடி வீட்டுக்கு வந்தபின் வெளியே தெரிந்து, பழி வீட்டு மெத்தை மேல் விழுவதும் இப்படித்தான். இன்னொரு குழப்பம், ஒரே கட்டிலில் படுக்கும் கணவன் மனைவியில் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடிப்பு, மற்றவருக்கு ஒன்றுமே இல்லை. "எனக்கு ஒண்ணும் இல்லையே, உனக்குத்தான் அலர்ஜி" என்ற வாக்குவாதத்தை என் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். இருவரையும் கடித்திருக்கும். ஒருவரின் தோல் எதிர்ப்புக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

மூன்று நான்கு தடிப்பு வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சிதான் என்று பலரும் சொல்வார்கள். சந்தேகப்பட அது ஒரு காரணம், முடிவு கட்ட அது போதாது. நாய், பூனை மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சியும் அப்படிக் கடிக்கும். உறுதிப்படுத்த மெத்தையைத்தான் பார்க்க வேண்டும். தலைமாட்டுப் பக்கம் மெத்தையின் ஓரத் தையலை விரலால் பிரித்து, டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். தையல் மடிப்பில் பேனா முனை வைத்தது மாதிரி கரும்புள்ளிகள் கூட்டமாக இருக்கும். அது அவற்றின் கழிவு. ஈரத் துணியால் தேய்த்தால் மை மாதிரிப் பரவும். பக்கத்திலேயே உரிந்த மஞ்சள் தோல்கள், 1 மி.மீ. நீளத்தில் வெள்ளை முட்டைகள், விரிப்பில் சின்ன ரத்தக் கறை. வளர்ந்த பூச்சி 5 மி.மீ. இருக்கும், தட்டையாக, பழுப்பு நிறத்தில். மெத்தையில் இல்லையென்றால் கட்டில் சட்டத்தின் ஆணித் துளை, தலைப்பலகையின் பின்பக்கம், சுவரில் உரிந்த பெயின்ட் இடுக்கு. பழைய அட்டை ஒன்றை இடுக்கில் விட்டு இழுத்தால் ஓடிவரும்.

இதற்குக் களிம்பு பூசிக்கொண்டே இருப்பது வீண் செலவு. விரிப்பு, தலையணை உறையை 60 டிகிரி வெந்நீரில் துவைத்துச் சூடாக உலர்த்துவது, தையல்களில் நீராவி அடிப்பது, மெத்தைக்கு ஜிப் வைத்த உறை போட்டு மாதக்கணக்கில் கழற்றாமல் விடுவது, இவைதான் பலன் தரும். சும்மா வெயிலில் போட்டால் நிழல் பக்கமாக ஊர்ந்து தப்பிவிடும். ஸ்பிரே அடித்தும் சாகவில்லை என்று பலர் சொல்வது உண்மைதான். வழக்கமான பைரித்ராய்டு மருந்துகளுக்கு அவை பல இடங்களில் பழகிவிட்டன. சாப்பாடு இல்லாமல் பல மாதம் தாங்கும் என்பதால் அறையைப் பூட்டி வைத்தும் பயனில்லை. ஒரே ஆறுதல், மூட்டைப்பூச்சிக் கடி மனிதர்களுக்கு நோயைப் பரப்புவதாக இதுவரை நிரூபணமாகவில்லை.

முழங்காலுக்குக் கீழே, அதிலும் கணுக்காலைச் சுற்றிக் கூட்டமாக, ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி குத்திய புள்ளியோடு இருந்தால் எனக்குத் தெள்ளுப்பூச்சி மேல்தான் சந்தேகம். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் உறுதி. தரையிலிருந்து துள்ளுவதால் எட்டுவது காலைத்தான். பூனையைச் சீப்பால் வாரி, உதிர்வதை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் கொட்டிப் பாருங்கள். பொடித்த மிளகு மாதிரி விழும் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது மண் இல்லை, தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம். "பூனையை வேறு வீட்டுக்குக் கொடுத்துட்டோம், இன்னும் கடிக்குதே" என்றும் கேட்பார்கள். கூட்டுப்புழுக் கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு மாதக்கணக்கில் காத்திருக்கும். நடக்கும் அதிர்வும் உடம்புச் சூடும் பட்டதும்தான் வெளியே வரும். வெகுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நுழைந்தவுடன் கால் முழுக்கக் கடி விழுவது இதனால்தான். தரையை, கம்பளத்தை வாக்குவம் கிளீனரால் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். பிராணிக்குக் கால்நடை மருத்துவர் தரும் மருந்து வேண்டும். நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டுமருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், பூனை செத்தே போகலாம்.

எறும்பு கடித்தால் அப்போதே தெரிந்துவிடும், சுரீர் என்று எரியும். நெருப்பெறும்பாக இருந்தால் மறுநாள் ஒவ்வொரு கடியிலும் சீழ் கோத்த மாதிரி வெள்ளைக் கொப்புளம் நிற்கும். அது கிருமிச் சீழ் இல்லை, எறும்பின் விஷத்தால் வருவது. உடைத்தால்தான் கிருமி உள்ளே போகும்.

கடியே இல்லாமல் கடி என்று வருபவை இரண்டு உண்டு. அவற்றை விட்டுவிட்டால் மருந்து வீணாகும்.

ஒன்று, கோடு கிழித்தது போல நீளமாகச் சிவந்து, எரிந்து, சின்னச் சின்னக் கொப்புளம் வருவது. கழுத்து, கன்னம், கை என்று திறந்திருக்கும் இடங்களில் வரும். முந்தின இரவு தூங்கும்போது ஒன்றும் இருந்திருக்காது. இது பெடரஸ் என்ற வண்டின் வேலை. 1 செ.மீ.க்கும் குறைவான நீளம், ஆரஞ்சும் கறுப்பும் மாறிமாறி வரும் உடல், விளக்கு வெளிச்சத்துக்கு வரும். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. உடம்பில் ஊரும்போது தட்டி நசுக்கிவிடுகிறோம், அதன் உடலிலுள்ள பெடரின் என்ற நச்சு தோலில் இழுபட்ட வழியெல்லாம் ஒரு நாள் கழித்துப் புண்ணாகிறது. முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் மேலும் கீழும் ஒரே அச்சில் இரண்டு புண்கள், கையை மடக்கினால் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். அதைப் பார்த்தால் எனக்கு வேறு கேள்வியே தேவைப்படாது. வண்டு மேலே ஏறினால் ஊதித் தள்ளுங்கள், அல்லது காகிதத்தில் ஏறவிட்டு அகற்றுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கையோடு கண்ணைத் தேய்க்கக் கூடாது.

மற்றொன்று சிரங்கு. ராத்திரி படுத்தபின் அரிப்பு உச்சத்துக்குப் போகும். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்பு, அந்தரங்கப் பகுதி. வீட்டில் ஒருவர்பின் ஒருவராகச் சொறிய ஆரம்பிப்பார்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுயிர் தோலுக்குள் குடைந்து முட்டையிடுவதால் வருவது இது. முதல்முறை தொற்றினால் அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதற்குள் மற்றவர்களுக்கும் போயிருக்கும். மருத்துவர் வழக்கமாக எழுதுவது 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம். அரிக்கும் இடத்தில் மட்டும் தடவினால் போகாது. கழுத்து முதல் உள்ளங்கால் வரை, நக இடுக்கு உட்பட, இரவு தடவிக் காலையில் குளிக்க வேண்டும். அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே நாளில். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. பூச்சி செத்தபிறகும் சில வாரம் அரிக்கும். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் தடவித் தோலைப் புண்ணாக்கிக்கொள்பவர்கள் நிறைய.

குழந்தைகள் விஷயம் தனி. இரண்டு வயது முதல் பத்து வயது வரை சில பிள்ளைகளுக்குப் பூச்சிக்கடி என்றாலே உடம்பு மிகையாக எகிறும். கையிலும் காலிலும் கெட்டியான சிவப்புப் பருக்கள் வாரக்கணக்கில் நிற்கும். வேடிக்கை என்னவென்றால், புதிதாக ஒரு கடி விழுந்தால் ஆறிப்போன பழைய கடிகளும் சேர்ந்து சிவக்கும். ரத்தம் கெட்டுவிட்டது என்று பெற்றோர் பயப்படுவார்கள். வளர வளரப் பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும்.

இனி மருந்து. எது கடித்திருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான், சோப்பும் தண்ணீரும். பிறகு துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். அரிப்புக்குக் கேலமைன் லோஷன் போதுமானது. போதவில்லை என்றால் 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் களிம்பை மெல்லியதாக, நாளைக்கு இரண்டு முறை, சில நாட்களுக்கு மட்டும். தூக்கம் கெடும் அளவு அரித்தால் பெரியவர்களுக்கு செட்டிரிசின் என்ற அலர்ஜி மருந்து 10 மி.கி. ஒரு மாத்திரை. அதற்கும் சிலருக்குத் தூக்கம் வரும், வண்டி ஓட்டுபவர்கள் கவனம். சிறுபிள்ளைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின்தான். டூத்பேஸ்ட், மண்ணெண்ணெய் எல்லாம் தோலைப் பொசுக்கத்தான் உதவும்.

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் நின்றுவிடும், விஷப்பையோடு. நகமோ அட்டையோ எது கைக்கு வருகிறதோ அதால் உடனே எடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம்.

நான் கொடுக்க மறுப்பதும் ஒன்று உண்டு. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றையும் கலந்த களிம்பு. "போன தடவை ஒரே நாள்ல கேட்டுச்சே" என்பார்கள். கேட்கும், அதில் இருப்பது குளோபெட்டசால் போன்ற மிகக் கடுமையான ஸ்டீராய்டு. தொடர்ந்து முகத்தில் பூசினால் தோல் மெலிந்து நரம்பு தெரியும். சிரங்கின் மேலோ படர்தாமரையின் மேலோ பூசினால் நோய் அடையாளம் தெரியாமல் மறைந்து பரவும்.

வீக்கத்தைப் பார்த்தவுடன் ஆன்டிபயாட்டிக் கேட்பதும் வழக்கம். கடித்த முதல் நாளே வரும் வீக்கம் பெரும்பாலும் ஒவ்வாமை, அரிக்கும். கிருமித் தொற்று பொதுவாக இரண்டு மூன்று நாள் கழித்து வரும், வலிக்கும், சுடும். சந்தேகம் இருந்தால் சிவப்பின் ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு வைத்துவிடுங்கள். அடுத்த நாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை சில. கொட்டிய சில நிமிடங்களில் உதடு, நாக்கு வீங்குவது, மூச்சுத் திணறல், உடம்பெங்கும் தடிப்பு, தலைசுற்றி விழுவது. இதற்கு அட்ரினலின் ஊசிதான் மருந்து, செட்டிரிசினை விழுங்கிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அடுத்தது, கட்டுவிரியன் பாம்பு உள்ள பகுதிகளில் தரையில் படுத்தவர் "ஏதோ கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்று எழுந்து, வயிற்றுவலி, வாந்தி, இமை தூக்க முடியாமல் சொக்குவது, பேச்சுக் குழறுவது. அதன் பல் மிகச் சிறியது. வலியோ வீக்கமோ இல்லாமல், தேடினாலும் தடம் தெரியாமல் இருக்கலாம். அங்கே பூச்சிக்கடி என்று நினைத்துத் தாமதிப்பது உயிருக்கே ஆபத்து.

அவசரமில்லை, ஆனால் தள்ளிப்போடக் கூடாதது: காய்ச்சலோடு அக்குளிலோ தொடையிடுக்கிலோ வலியே இல்லாத கருகிய பொருக்கு. புதரில் இருக்கும் சிற்றுயிர் கடித்து வரும் ஸ்கிரப் டைஃபஸாக இருக்கலாம். காய்ச்சலுக்குப் போகும்போது அந்தப் பொருக்கையும் மருத்துவரிடம் காட்டுங்கள். டாக்சிசைக்ளின் என்ற மருந்து நன்றாகவே கேட்கும், சீக்கிரம் தொடங்கினால்.

கடைசியாக எல்லோரும் கேட்பது, இந்தக் கறுப்புத் தழும்பு எப்போது போகும் என்று. மாநிறத் தோலில் கடி ஆறியபின் நிறம் தங்கத்தான் செய்யும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். வெயில் படும் இடமென்றால் சன்ஸ்கிரீன் போடலாம். வெளுக்க வைக்கும் கிரீம் வேண்டாம், அவற்றில் பலவற்றிலும் நான் மேலே சொன்ன அதே ஸ்டீராய்டுதான் ஒளிந்திருக்கிறது. சொறியாமல் விட்டால் சீக்கிரம் மங்கும். பிள்ளைகளுக்கு நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.